போதகர் வீட்டுக் கேள்விகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு ஒரு வாசகி, "எங்கள் போதகரின் மனைவி வேலைக்குப் போகிறார், பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு வருவதேயில்லை, இது சரியா?" என்று கேட்டிருந்தார். சபை நியமித்தது கணவரை, மனைவியை அல்ல என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருவதைவிட அதிகம். ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அந்த வீட்டைப் பற்றித்தான். நான் போதகர் வீட்டில் பிறந்து போதகர் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காக ஒருமுறை சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகள் கணக்கியல் படித்து கொள்ளுப்பிட்டியில் நல்ல சம்பளத்தில் வேலை செய்கிறாள். பிலிமத்தலாவையில் இறையியல் படிக்கும் மெதடிஸ்த பிள்ளை ஒருவரை விரும்புகிறாள். பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் பாஸ்டரைக் கட்டினால் சொந்தமாக வீடு வாசல் ஒன்றும் இருக்காதே என்று எனக்கு நித்திரை இல்லை. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உங்கள் பயத்தை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெண்ணைக் கொடுக்கும் தாய் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

முதலில் அந்தப் பிள்ளையின் பாதை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பிலிமத்தலாவைக் கல்லூரி 1963இல் தொடங்கியது. அங்லிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி சிங்களத்திலும் தமிழிலும் படிக்கும் இடம். அதற்கு முந்திய தலைமுறையில் பலர் பெங்களூருக்குப் போய்த்தான் படித்தார்கள். படிப்பு முடிந்தவுடன் அபிஷேகம், அதாவது போதகராக முழு நியமனம், கிடைத்துவிடாது, சில காலம் தகுதிகாண் நிலையில் ஒரு மூத்த போதகரின் கண்காணிப்பில் ஊழியம் செய்ய வேண்டும். அதன் பிறகும் எங்கே போவது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. இன்று கொழும்பு என்றால் சில வருடங்களில் மட்டக்களப்பு, பிறகு ஏதாவது ஒரு தோட்டப்புறம், பிறகு வவுனியா. இடமாற்றம் என்பது மெதடிஸ்த ஊழியத்தின் முதுகெலும்பு, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி காலத்திலிருந்தே அப்படித்தான்.

இடம் மாறுவதில் என்ன கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சரியாக விளங்குவதில்லை. லொறி பிடிப்பதும் பெட்டி கட்டுவதும் பழகிவிடும். பழகாதது மற்றவை. ஒரு மிஷன் வீட்டு யன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த திரைச்சீலை அடுத்த மிஷன் வீட்டு யன்னலுக்கு ஒருநாளும் சரிவராது, ஒன்றில் முழங்கால் உயரத்தில் நிற்கும், இல்லாவிட்டால் தரையைக் கூட்டும். என் அம்மா ஓரங்களை நான்கு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்து வைப்பார், போகிற இடத்தில் பிரித்து நீட்டலாம் என்று. பிள்ளைகளுக்கு இதைவிடக் கஷ்டம். ஓ.எல். வருடத்தில் பள்ளிக்கூடம் மாறுவது, நடுவருடத்தில் போய் ஒரு வகுப்பின் கடைசி வாங்கில் உட்காருவது. முதலாம் வகுப்பு அனுமதிக்கு வாக்காளர் பட்டியலும் வீட்டு உறுதியும் கேட்கிற நாடு இது. இருக்கும் வீடு திருச்சபையின் சொத்து, உறுதியில் உங்கள் மருமகனின் பெயர் இருக்காது.

பணம் பற்றி. போதகருக்குக் கிடைப்பது செய்த வேலையின் அளவுக்கு எடைபோட்டுக் கொடுக்கிற கூலி அல்ல, அவரும் குடும்பமும் சீவிக்கக் கொடுக்கிற படி. அந்த எண்ணம் அழகானது, நான் மதிக்கிறேன். ஆனால் மாதக் கடைசியில் அது போதாமல் போகிற வீடுகள் நிறைய உண்டு, 2022இல் மாவும் காஸும் விலை ஏறியபோது சில போதகர் வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஜோன் வெஸ்லியின் தகப்பன் சாமுவேல் வெஸ்லியே எப்வர்த் ஊரில் போதகராக இருக்கும்போது 1705இல் கடனுக்காக லிங்கன் சிறையில் அடைக்கப்பட்டவர். வெளியில் இருந்து குடும்பத்தைப் பார்த்தவர் மனைவி சுசன்னா. 19 பிள்ளைகளைப் பெற்று, அதில் பலரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்து, மிஞ்சியவர்களை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்த மனுஷி அவர். அவரை எல்லாப் பிரசங்கத்திலும் புகழ்கிறார்கள், அவர் பட்ட பணக்கஷ்டத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அதனால் மகளிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம், வேலையை விடாதே. கணக்காளர் வேலைக்கு எந்த ஊரிலும் இடம் உண்டு, இப்போது வீட்டிலிருந்து செய்யவும் முடியும். அப்புறம் அந்தப் பிள்ளையோடு மகளே உட்கார்ந்து வெளிப்படையாகக் கதைக்கட்டும். அவருக்கு மன்னார் கிடைத்து இவளுக்குக் கொழும்பில் பதவி உயர்வு கிடைத்தால் என்ன செய்வார்கள்? ஞாயிறு பாடசாலை, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம் எல்லாவற்றையும் மனைவிதான் நடத்த வேண்டும் என்று சபை எதிர்பார்த்தால் அவர் யார் பக்கம் நிற்பார்? ஓய்வு பெறும்போது எங்கே குடியிருப்பது, அதற்கு இப்போதிலிருந்தே என்ன சேர்ப்பது? இவற்றுக்கு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். யோசித்து, தடுமாறியாவது, நேர்மையாகப் பதில் சொன்னால் தைரியமாகக் கட்டிக் கொடுங்கள். நான் என்றால் கொடுப்பேன். ஒரு ஊர் முழுவதும் உங்கள் பிள்ளையின் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் வந்து நிற்கும் வாழ்க்கை வேறு எந்த மாப்பிள்ளையோடும் கிடைக்காது, அதையும் தராசில் வையுங்கள்.

கேள்வி: நான் சைவன். எங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கும் கத்தோலிக்க ஃபாதர் கலியாணம் செய்யாதவர். என் நண்பனின் சேர்ச் பாஸ்டருக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பேரும் ஒரே இயேசுவைத்தானே கும்பிடுகிறார்கள், ஏன் இந்த வித்தியாசம்?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல கேள்வி தம்பி, கிறிஸ்தவர்களே பலர் கேட்பதில்லை. இயேசுவின் சீடர் பேதுரு கலியாணம் செய்தவர், அவருடைய மாமியாருக்குக் காய்ச்சல் வந்து இயேசு சுகப்படுத்திய கதை மாற்கு சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆரம்ப நூற்றாண்டுகளில் மணமான குருமாரும் இருந்தார்கள், துறவிகளும் இருந்தார்கள். மேற்குத் திருச்சபையில் குருமார் கலியாணம் செய்யக்கூடாது என்ற சட்டம் மெல்ல மெல்ல இறுகி, 1139இல் ரோமில் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் கூட்டத்தில் உறுதியானது. கத்தோலிக்க ஃபாதர்மார் அந்த வழியில் வருகிறவர்கள். குடும்பம் இல்லாததால் முழு நேரத்தையும் சனங்களுக்குக் கொடுக்கலாம் என்பது அதன் நியாயம், அப்படி வாழ்ந்து காட்டியவர்கள் நம் நாட்டிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1525 ஜூன் மாதம் ஜெர்மனியில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து புரட்டஸ்தாந்து வழியைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், முன்னாள் துறவி, கத்தரீனா ஃபொன் போரா என்ற முன்னாள் கன்னியாஸ்திரியைக் கலியாணம் செய்தார். அவருக்கு 41 வயது, பெண்ணுக்கு 26. விட்டன்பர்க்கில் அவர் துறவியாக இருந்த மடமே அவர்களின் வீடாகியது. ஆறு பிள்ளைகள், அநாதைச் சொந்தக்காரப் பிள்ளைகள், வாடகைக்குத் தங்கிய மாணவர்கள், வந்து போகிற விருந்தினர் என்று அந்த வீடு எப்போதும் நிறைந்திருந்தது. பியர் வடித்தது, தோட்டம் செய்தது, மாடு பன்றி வளர்த்தது, கணக்குப் பார்த்தது எல்லாம் கத்தரீனா. லூத்தர் பணத்தை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுகிற மனிதர். மகள் மக்தலேனா 13 வயதில் தகப்பனின் கைகளில் இறந்தபோது அவர் அழுத அழுகையும் பதிவாகியிருக்கிறது. புரட்டஸ்தாந்து போதகர் வீடு என்று இன்று நாம் பார்க்கிறதற்கு மாதிரி அந்த வீடுதான். இங்கிலாந்தில் 1549இல் சட்டமே குருமார் கலியாணம் செய்யலாம் என்று அனுமதித்தது. எங்களிலும் விரும்பித் தனியாக வாழும் போதகர்கள் இருக்கிறார்கள், கட்டாயம் எதுவும் இல்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரமாட்டேன், இரண்டு வழியிலும் இழப்பு உண்டு.

கேள்வி: என் கணவர் கொழும்பில் ஒரு சபையின் போதகர். எங்கள் 17 வயது மகன் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டான். "சொந்த மகனையே கொண்டுவர முடியாதவர் எங்களுக்கு என்ன பிரசங்கம் செய்வது" என்று சபையில் கதை. ஒருவர் தீமோத்தேயு வசனத்தையே வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். கணவர் உடைந்துபோய் இருக்கிறார். பெயர் போட வேண்டாம்.

பதில்: தங்கச்சி, அந்த வசனம் எனக்கும் நன்றாகத் தெரியும், சின்ன வயதில் என் காது படவே சொன்னார்கள். "ஒருவன் தன் சொந்தக்குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" அதைத் தூக்கிப் போடுகிறவர்கள் பழைய ஏற்பாட்டில் வரும் ஆசாரியன் ஏலியின் கதையையும் கூடவே கொண்டு வருவார்கள். ஏலியின் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று வாசித்துப் பாருங்கள். ஆசாரியர்களாக இருந்துகொண்டே சனங்கள் கொண்டுவந்த காணிக்கையைப் பறித்தார்கள், வாசலில் ஊழியம் செய்த பெண்களோடு தவறாக நடந்தார்கள், தகப்பன் அவர்களை அடக்கவில்லை. அது அதிகாரத் துஷ்பிரயோகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழும்பாத ஏ.எல். மாணவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சாமுவேலின் பிள்ளைகளும் தகப்பன் வழியில் நடக்கவில்லை என்று வேதமே சொல்கிறது, அதற்காகச் சாமுவேல் தீர்க்கதரிசி இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை.

போதகர் பிள்ளைகள் எல்லா வழியிலும் போயிருக்கிறார்கள். தத்துவஞானி நீட்ஷே லூத்தரன் போதகரின் மகன். ஓவியர் வான்கோவின் தகப்பன் டச்சு போதகர், வான்கோவே இளமையில் பெல்ஜியத்தின் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே பிரசங்கியாக இருந்து பார்த்தவர். ஜெர்மனியை நீண்ட காலம் ஆண்ட அங்கெலா மெர்க்கெல் ஒரு போதகரின் மகள். மார்ட்டின் லூதர் கிங் போதகரின் மகன், தானும் போதகர். இவர்களில் யாருடைய வழியையும் தகப்பனின் கெட்டித்தனத்துக்கோ தவறுக்கோ அளவுகோலாக வைக்க முடியாது.

மகனிடம் ஏன் வரவில்லை என்று விசாரணை மாதிரிக் கேட்காமல், அங்கே வந்தால் அவனுக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அநேகமாக விசுவாசம் பற்றிய பதில் வராது. தலைமயிரைப் பற்றிச் சொன்ன ஒரு அங்கிள், ரிசல்ட்ஸ் கேட்ட ஒரு அன்ரி, வாலிபர் கூட்டத்தில் ஜெபிக்க ஆள் இல்லாவிட்டால் "பாஸ்டரின்ட மகன் ஜெபிப்பார்" என்று கை காட்டிய தலைவர், இப்படித்தான் வரும். அந்தப் பிள்ளைக்குச் சொந்தப் பெயரால் கூப்பிடப்படுகிற ஒரு இடம் வேண்டும். கொழும்பில் சேர்ச்சுக்குக் குறைவில்லை, பஸ்ஸில் பத்து நிமிஷம் போனால் அவனை யாரென்று தெரியாத இன்னொரு சபை இருக்கிறது. கொஞ்ச நாள் அங்கே போகட்டும், அல்லது எங்கேயும் போகாமல் இருக்கட்டும், வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவன் இடம் மாறக்கூடாது. இதில் பிடிவாதமாக இருங்கள்.

கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சபையின் நிர்வாகக் குழுவில் அவரே எழும்பி, என் மகனைப் பற்றி எதுவும் கதைக்க வேண்டுமானால் என்னிடம் நேரில் கதையுங்கள், குழுவில் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சத்தம் போடத் தேவையில்லை, ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். பிரசங்கத்தில் வீட்டுப் பிள்ளைகளை உதாரணமாக எடுப்பதையும் இன்றோடு நிறுத்தட்டும், நல்லதாகச் சொன்னாலும் வேண்டாம். வட்ஸ்அப்பில் வசனம் போட்டவருக்கு நீங்கள் பதில் எழுதாதீர்கள். அவர் இதை வாசித்தால் அவருக்கு நான் சொல்வது, நீங்கள் காயப்படுத்தியது ஒரு 17 வயதுப் பிள்ளையை.

கேள்வி: கொழும்பில் தமிழ்ப் போதகர் மரபு எவ்வளவு பழையது? மாணவர்களுக்குச் சொல்ல ஏதாவது எழுதுங்கள்.
— ஓர் ஆசிரியர், முகத்துவாரம்

பதில்: வெள்ளைக்கார மிஷனரிமாரின் வரலாறாக மட்டும் இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள் ஐயா. ஒல்லாந்தர் காலத்திலேயே கொழும்பில் பிலிப் த மெல்லோ என்ற தமிழ்ப் போதகர் இருந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் இங்கேயே அச்சாகியது, வுல்ஃபெண்டால் தேவாலயம் திறந்து இரண்டே வருடம். ஆங்கிலேயர் காலத்தில் தரங்கம்பாடி மிஷனில் இருந்து வந்த கிறிஸ்டியன் டேவிட், 1824இல் பிஷப் ஹீபரின் கையால் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார், அங்லிக்கன் சபையில் அந்த நிலைக்கு வந்த முதல் தமிழர் அவர். ஜிந்துப்பிட்டி புனித தோமா தேவாலயத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போங்கள், புறக்கோட்டையில் 1816இல் எழுந்த மெதடிஸ்த ஆலயத்தையும் காட்டுங்கள். முதல் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கையில் இறங்கி இரண்டு வருடத்தில் கட்டியது அது.

மதம் மாறிய குடும்பம், மாறாத குடும்பம் என்று கோடு போட்டுப் பிரிக்கவும் முடியாது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவ வீட்டில் பிறந்து சைவரானவர். அவருடைய மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரி கிறிஸ்தவப் போதகரானார், ஆனவர் 1921இல் ஃபிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் போதகர் டி.ரி. நைல்ஸ் 1948இல் அம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர்களில் ஒருவர். 1968இல் அதே மன்றம் சுவீடனின் உப்சாலாவில் கூடியபோது, மார்ட்டின் லூதர் கிங் பேச இருந்த இடத்தில், அவர் கொல்லப்பட்டதால், நைல்ஸ் பேசினார். மாணவர்களிடம் ஒன்று கேளுங்கள், இந்தப் பட்டியலில் மனைவிமார் எங்கே என்று. உடுவிலில் 1824இல் பெண்கள் பாடசாலையைத் தொடங்கியது ஹரியட் வின்ஸ்லோ, ஒரு மிஷனரியின் மனைவி. அவர் பெயராவது மிஞ்சியது, நம் ஊர்ப் போதகரம்மாமாரின் பெயர்களைச் சபைப் பதிவேட்டில் தேடினால்தான் கிடைக்கும். வகுப்பில் ஒரு பிள்ளையின் பூட்டி அப்படி ஒருவராக இருக்கலாம், விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இரண்டு வருடத்தில் ஊழியத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். சொந்த வீடு இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அப்பாவிடம் இதைப் பற்றிக் கதைத்தால் கோபம் வருகிறது.
— மூத்த மகள், பம்பலப்பிட்டி

பதில்: கோபம் இல்லை பிள்ளை, வெட்கம். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்ன மனிதனுக்கு, எனக்கு இருக்க இடமில்லை என்று சொல்வது லேசான காரியம் அல்ல. நீங்கள் வீட்டைப் பற்றித் தொடங்காமல் அம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்குங்கள், மாடிப்படி இல்லாத இடம் வேண்டும் என்று.

அப்புறம் திருச்சபைத் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதுங்கள், தொலைபேசியில் கேட்க வேண்டாம். ஓய்வூதியம் எவ்வளவு, கையில் கிடைக்கும் தொகை எவ்வளவு, அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு என்ன தொடரும், மருத்துவச் செலவுக்கு உதவி உண்டா, வீட்டை எந்தத் திகதிக்குள் விட வேண்டும். இவை சபைக்குச் சபை வேறுபடும், ஆகவே பக்கத்துப் போதகர் சொன்னதை நம்பித் திட்டம் போடாதீர்கள், பதிலை எழுத்தில் வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். சகோதரர்கள் எல்லாரும் ஒரு நாள் கூடி யார் மாதம் என்ன கொடுக்கலாம் என்று இப்போதே கதையுங்கள், வெளிநாட்டில் இருப்பவர் பணமும் கொழும்பில் இருப்பவர் உழைப்பும் கொடுப்பார் என்று பேசாமலே முடிவாகிவிடுகிற வீடுகளில்தான் பிறகு சண்டை. கொழும்பு வாடகை கட்டுப்படியாகாவிட்டால் வத்தளை, நீர்கொழும்புப் பக்கம் பாருங்கள், ஆனால் அம்மாவின் டொக்டரும் தமிழ் ஆராதனையும் பஸ் தூரத்தில் இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கடைசி வரை பிரசங்கம் செய்ய எங்காவது அழைப்பு வரும், கவலைப்படாதீர்கள்.

கேள்வி: நத்தாருக்குப் போதகர் வீட்டுக்கு என்ன கொடுக்கலாம்? வழக்கமாக ரிச் கேக் கொடுக்கிறோம்.
— வாசகி, மருதானை

பதில்: எல்லாரும் ரிச் கேக்தான் கொடுக்கிறார்கள், குளிர்சாதனப் பெட்டியில் பால் வைக்க இடமிருக்காது! சுப்பர்மார்க்கட் வவுச்சர், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சப்பாத்து, ஒரு காஸ் சிலிண்டருக்கான காசு, இவற்றில் ஏதாவது. நத்தார் அன்று போதகர் கடைசி ஆராதனையை முடித்து வீட்டுக்கு வரப் பின்னேரமாகிவிடும், ஆகவே மத்தியானச் சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, உள்ளே போய் உட்காராமல் வாசலிலேயே வாழ்த்திவிட்டு வந்தால் அது பெரிய பரிசு.

கேள்வி: எங்கள் சபைக்கு ஒரு பெண் போதகர் வந்திருக்கிறார். அவருடைய கணவரை எப்படிக் கூப்பிடுவது, அவர் என்ன செய்ய வேண்டும்?
— வாலிபர் சங்கச் செயலாளர், தெமட்டகொட

பதில்: இலங்கைத் திருச்சபை, அதாவது அங்லிக்கன் சபை, 2006இலேயே பெண்களைக் குருமாராக அபிஷேகம் செய்தது, இன்னும் நமக்குப் புதிதாக இருக்கிறது. கணவரை அவருடைய பெயரால் கூப்பிடுங்கள். அவர் தன் வேலைக்குப் போவார், ஞாயிறு வந்து வாங்கில் உட்காருவார், விரும்பினால் பாடுவார். பெண்கள் ஐக்கியத்துக்குத் தேநீர் ஊற்ற அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை அல்லவா? அடுத்து வரப்போகிற போதகரின் மனைவியையும் அப்படியே விட்டுவிடுங்கள்.